பம்ப்பை எங்கே வைப்பது?

டாக்டரம்மா இன்சுலின் பம்ப் பற்றிச் சொல்லி முடித்ததும் நான் கேட்ட முதல் கேள்வி விலை பற்றி இல்லை. "புடவை கட்டினா அதை எங்க மேடம் வைக்கிறது?" என்றுதான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "இங்க வர்ற பொண்ணுங்கள்ல பாதிப் பேர் இதைத்தான் கேக்குறாங்க. ஆம்பளைங்க பேட்டரி எத்தனை நாள் வரும்னு கேப்பாங்க" என்றார்.

எனக்கு டைப் 1 சர்க்கரை நோய் வந்து இருபத்து நான்கு வருடம் ஆகிறது. 2001 டிசம்பர், அரையாண்டு விடுமுறை, பன்னிரண்டு வயது. ஒரே மாதத்தில் ஆறு கிலோ இளைத்து, குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, ராத்திரி ஐந்தாறு தடவை பாத்ரூம் போய், கடைசியில் மூச்சு வாங்க ஆரம்பித்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இன்சுலின் சுத்தமாக இல்லாததால் உடம்பு கொழுப்பை எரித்து, ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறியிருந்தது. நிறைய மிட்டாய் தின்றதால் வந்தது என்று பக்கத்துப் படுக்கைக்காரம்மா தீர்ப்புச் சொன்னார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைத் தாக்கி அழிப்பதால் வருவது இது என்று அதற்கப்புறம் குறைந்தது இருநூறு பேருக்கு விளக்கியிருப்பேன். அதில் நூற்றைம்பது பேர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கொய்யா இலைக் கஷாயம் சிபாரிசு செய்தார்கள்.

அப்பா கிரிக்கெட் பைத்தியம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "1999-ல சேப்பாக்கத்துல பாகிஸ்தான் பன்னிரண்டு ரன்ல ஜெயிச்சுதே, ஞாபகம் இருக்கா? கூட்டமே எழுந்து நின்னு கை தட்டுச்சே? அந்த கேப்டன் வாசிம் அக்ரமுக்கும் இதேதான். ஊசி போட்டுக்கிட்டுதான் பந்து போட்டான்" என்றார். அந்த மேட்ச் எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. சச்சின் 136 அடித்தும் தோற்றதற்காக அன்று ராத்திரி சாப்பிடாமல் அழுதவள் நான். அப்பா சொன்னது சரிதான், அக்ரமுக்கு 1997-லேயே டைப் 1 என்று கண்டுபிடித்திருந்தார்கள். ஆனால் அதே அப்பா, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "வெளியில யார்கிட்டயும் சொல்ல வேணாம். பொம்பளப் புள்ள" என்றார்.

ஊசியை மறைப்பது சுலபம். அதுதான் என் இருபத்து நான்கு வருடத்துக்கும் அடிப்படை. பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து பதிமூன்று வருடம் ஆகிறது. தினமும் மதியம் டிபன் பாக்ஸைத் திறக்குமுன் பாத்ரூமுக்குப் போய் வயிற்றில் பென் ஊசி, அதாவது பேனா மாதிரி இருக்கும் இன்சுலின் ஊசி, போட்டுக்கொண்டு வருகிறேன். எனக்கு அடிக்கடி சிறுநீர் வரும் என்று சக டீச்சர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெண் பார்க்க வந்தபோது தரகர் சொல்ல வேண்டாம் என்றார், நானே மாப்பிள்ளையிடம் சொன்னேன். "சரி" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அத்தை, மாமாவைத் தாண்டி அவர் பக்க உறவுகளில் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

ஆரம்ப வருடங்களில் 30/70 கலவை இன்சுலின், காலை ஒன்று, இரவு ஒன்று. குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்து அம்மா போடுவார். அந்த இன்சுலினில் நாம் சாப்பிடும் நேரத்தை முடிவு செய்வது மருந்துதான். ஊசி போட்டாகிவிட்டால் பசித்தாலும் பசிக்காவிட்டாலும் அந்தந்த நேரத்துக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும். கல்லூரிக் காலத்தில் பென்னுக்கு மாறினேன். நாள் முழுவதற்கும் மெதுவாக வேலை செய்யும் ஊசி ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னால் வேகமாக வேலை செய்யும் ஊசி மூன்று. அப்போதுதான் கணக்கு ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு நான் போடும் மொத்தம் சுமார் 45 யூனிட். 500-ஐ அதால் வகுத்தால் 11. அதாவது பதினோரு கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட். 1800-ஐ வகுத்தால் 40. அதாவது ஒரு யூனிட் போட்டால் சுகர் நாற்பது இறங்கும். இவை தோராய விதிகள்தான், ஆளுக்கு ஆள் டாக்டர் மாற்றிக் கொடுப்பார். கணக்கு டீச்சருக்கு இது கஷ்டமில்லை என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டு இட்லி ஒன்றுக்குப் பத்து கிராம் போட்டு வைத்திருக்கிறேன். அத்தை வீட்டு இட்லிக்குப் பதினைந்து போட வேண்டும், அவர் தட்டுக் குழி ஆழம். கல்யாண வீட்டு இட்லிக்கு எந்த விதியும் கிடையாது.

பம்ப் யோசனை வந்தது கண்ணால். வருடா வருடம் செய்யும் கண் பரிசோதனையில், விழித்திரையில் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள் தெரிவதாகப் போன வருடம் எழுதிக் கொடுத்தார்கள். ஆரம்ப நிலைதான், இப்போதைக்குச் சிகிச்சை வேண்டாம் என்றார்கள். எனக்கு மூன்று மாத சுகர் சராசரி, அதாவது எச்பிஏ1சி, இரண்டு வருடமாக 8.6-ஐ ஒட்டியே நின்றிருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரை வைத்து 1983-லிருந்து 1993 வரை நடந்த பெரிய ஆய்வைப் பற்றி டாக்டரம்மா சொன்னார். ஒரு குழு அந்தக் கால வழக்கப்படி ஒன்றிரண்டு ஊசி போட்டது, சராசரி 9 பக்கம் நின்றது. இன்னொரு குழு மூன்று நான்கு ஊசியோ பம்ப்போ வைத்துக்கொண்டு 7 பக்கம் கொண்டுவந்தது. கண் நன்றாக இருந்தவர்களில் புதிதாகப் பாதிப்புத் தொடங்கும் அபாயம் இரண்டாவது குழுவில் 76 சதவீதம் குறைந்தது. ஆனால் அதே குழுவில்தான் மயங்கி விழும் அளவுக்கு லோ சுகர் மூன்று மடங்கு. "உங்களை 7-க்குக் கொண்டு வரணும். ஊசியாலேயே கொண்டு வந்தா ராத்திரி லோ ஆகும்னு பயப்படுறீங்க. பயம் நியாயம்தான்" என்றார்.

அந்தப் பயத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு நேரம் உண்டு, அதிகாலை மூன்று மணி. எட்டு வருடம் முன்பு, மகள் வயிற்றில் இருக்கும்போது, ஒரு ராத்திரி சுகர் 34-க்கு இறங்கி, உடம்பு நனைந்து, பேச்சுக் குழறி, இவரை யாரென்று கேட்டிருக்கிறேன். இவர்தான் சர்க்கரைத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டினார். அன்றிலிருந்து இவர் போனில் மூன்று மணிக்கு அலாரம். எழுந்து, என் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பார். வேர்வை இல்லையென்றால் திரும்பிப் படுத்துவிடுவார். சுகரைத் தொடர்ந்து அளக்கும் சென்சாரை உடம்பில் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்த பிறகும் அலாரத்தை எடுக்கவில்லை. எனக்கோ, அந்த ராத்திரிக்குப் பிறகு படுக்கும்போது சுகர் 200 இருந்தால்தான் நிம்மதி. எச்பிஏ1சி 8.6 ஆனதில் பாதி இந்த நிம்மதிக்குக் கொடுத்த விலை.

சரி, பம்ப் என்ன செய்யும்? கைக்கு அடக்கமான ஒரு பெட்டி. உள்ளே இன்சுலின் நிரப்பிய குழல். அதிலிருந்து மெல்லிய டியூப், டியூபின் முனையில் தோலுக்கடியில் செருகிய ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை இடம் மாற்றிப் புது செட் குத்த வேண்டும். நீண்ட நேரம் வேலை செய்யும் ஊசி இதில் கிடையாது. வேக இன்சுலினையே துளித் துளியாக, மணிக்கு அரை யூனிட், முக்கால் யூனிட் என்று விட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வேறு வேறு அளவு வைக்கலாம் என்பதுதான் இதன் சூட்சுமம். எனக்கு ராத்திரி இரண்டு மணிக்கு லோ ஆகும், நாலு மணிக்கு மேல் ஒன்றுமே சாப்பிடாமல் தானாக ஏறும். விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்கள் செய்கிற வேலை அது. ஒரு தடவை போட்டால் நாள் முழுக்கச் சமமாக வேலை செய்யும் ஊசிக்கு இரண்டு மணியும் ஒன்றுதான், ஆறு மணியும் ஒன்றுதான். பம்ப்பில் அங்கே குறைத்து இங்கே ஏற்றலாம். மாதவிலக்குக்கு முந்தைய நாலைந்து நாள் என் சுகர் எதற்கும் மசியாது. அந்த நாட்களுக்கென்று தனி அளவு வைத்துக்கொள்ளலாம் என்றபோது நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

இப்போது வரும் பம்ப்கள் இன்னும் ஒரு படி மேலே. சென்சார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சுகரைச் சொல்ல, பம்ப் தானாகவே கூட்டும், குறைக்கும், இறங்கப்போகிறது என்று தெரிந்தால் நிறுத்திவிடும். 2016-ல் அமெரிக்காவில் முதல் தடவை இப்படி ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் சாப்பாட்டுக் கணக்கை நாம்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் இதற்குப் பாதித் தானியங்கி என்று பெயர். 1960-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலீஸில் ஆர்னால்ட் காடிஷ் என்ற டாக்டர் செய்த முதல் பம்ப், முதுகில் மாட்டிக்கொள்ளும் மூட்டை அளவு இருந்ததாம். புடவையில் எங்கே வைப்பது என்று கேட்ட நான் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அன்றே வாங்கச் சொல்வார் என்று நினைத்தேன். டாக்டரம்மா படுக்கச் சொல்லி வயிற்றைத் தடவிப் பார்த்தார். தொப்புளுக்கு இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் அளவில் மெத்துமெத்தென்று இரண்டு கட்டி. எனக்குத் தெரியும், தொப்பை என்று நினைத்திருந்தேன். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊசி போட்டால் கொழுப்புத் திரண்டு இப்படி ஆகுமாம். அங்கே வலிக்காது என்பதால் கை தானாக அங்கேதான் போகும். அதில் போட்ட இன்சுலின் ஒரு நாள் சீக்கிரம் ஏறும், ஒரு நாள் ஏறவே ஏறாது. "உங்க கணக்கு தப்பில்ல டீச்சர், போடுற இடம் தப்பு. பம்ப்பையும் இந்தக் கட்டியிலேயே குத்தினா லட்ச ரூபாய் தண்டம். மூணு மாசம் தொடையில, இடுப்புல மாத்தி மாத்திப் போட்டுட்டு வாங்க. அளவைக் கொஞ்சம் குறைச்சே ஆரம்பிங்க, நல்ல இடத்துல போட்டா சட்டுனு இறங்கும்." இருபத்து நான்கு வருடத்தில் ஊசி போடும் இடத்தைத் தொட்டுப் பார்த்த முதல் டாக்டர் அவர். மூன்று மாதத்தில் ஒரு பைசா செலவில்லாமல் 8.6 என்பது 8.0 ஆனது. பம்ப் வாங்க யோசிக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: சட்டையைத் தூக்கித் தடவிப் பாருங்கள்.

சுகரைச் சட்டென்று இறக்கினால் கண் கொஞ்ச காலம் மோசமாகிவிட்டுத்தான் தேறும் வாய்ப்பு உண்டு என்றும் சொன்னார். அதனால் கண் டாக்டரிடம் மறுபடி காட்டி, சரி என்று எழுதி வாங்கிய பிறகுதான் பத்து நாள் சோதனைக்குப் பம்ப் கொடுத்தார்கள்.

முதல் நாள் அசிங்கமாக இருந்தது. வேறு வார்த்தை இல்லை. ஊசி போட்டால் போட்ட நிமிடத்தோடு நோய் போய்விடும், அடுத்த வேளை வரை நானும் மற்றவர்கள் மாதிரிதான். இது இடுப்பில் உட்கார்ந்துகொண்டு நகர்வதே இல்லை. குளிக்கும்போது மட்டும் கழற்றலாம், அதுவும் ஒரு மணி நேரத்துக்குள் மாட்டிவிட வேண்டும். இரண்டாம் நாள் கிரில் கேட்டின் தாழ்ப்பாளில் டியூப் மாட்டி இழுத்து, வாசலிலேயே ஐயோ என்று கத்திவிட்டேன். சுடிதார் போட்டால் பிரச்சினை இல்லை. எங்கள் பள்ளியில் டீச்சர்களுக்குப் புடவைதான். கொசுவத்தில் சொருகினேன், நழுவியது. ஜாக்கெட்டுக்குள் வைத்தேன், வகுப்பு நடுவில் நெஞ்சுக்குள்ளிருந்து அதிர்ந்தது. "மிஸ், போன் அடிக்குது" என்றான் முதல் பெஞ்ச் பையன். வகுப்பில் போன் வைத்திருக்கக் கூடாது என்று போன வாரம்தான் அவனைத் திட்டியிருந்தேன்.

ஐந்தாம் நாள் விஷயம் அவ்வளவு சிரிப்பில்லை. படுக்கப்போகும் முன் புது செட் குத்தினேன். உள்ளே அந்தப் பிளாஸ்டிக் குழாய் மடங்கியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. நாலு மணிக்கு சுகர் ஏறுகிறது என்று அலறியது. தூக்கத்தில் அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். ஆறு மணிக்கு 340, குமட்டல். கீட்டோன் ஸ்ட்ரிப்பில் 1.6. நீண்ட நேர இன்சுலின் உடம்பில் இல்லாததால் பம்ப் அடைத்துக்கொண்டால் சில மணி நேரத்திலேயே கீட்டோன் ஏற ஆரம்பித்துவிடும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அந்த வாயில் அடிக்கும் பழ வாசனை, பன்னிரண்டு வயதில் முகர்ந்தது, அப்படியே திரும்பி வந்தது. பயிற்சி கொடுத்த பெண்ணுக்குப் போன் போட்டேன். "பம்ப்பை நம்பாதீங்க மேடம், முதல்ல பென்ல போடுங்க, அப்புறம் செட் மாத்துங்க, தண்ணி குடிச்சுக்கிட்டே இருங்க. இனிமே ராத்திரியில செட் மாத்தாதீங்க" என்றார். பத்து மணிக்குச் சரியானது. பம்ப் வைத்திருப்பவர் பென்னைப் பரணில் போட முடியாது என்பது அன்று புரிந்தது.

இன்சுலின் குப்பி வாங்குவதிலும் ஒரு பொறி இருக்கிறது. நம் ஊர் மருந்துக் கடையில் சாதாரண இன்சுலின் குப்பி கேட்டால் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட் உள்ளதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். பம்ப்புக்கு 100 யூனிட் உள்ள வேக இன்சுலின். மாற்றி நிரப்பினால் பம்ப் பத்து யூனிட் போட்டதாகச் சொல்லும், உடம்புக்குள் போனது நாலுதான். திருச்சி மே மாத வெயிலில் பையில் வைத்த பென்னே சூடாகும், இதில் டியூபுக்குள் நிற்கும் இன்சுலினும் சேர்ந்து காயும். வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தும் கரண்ட் போனால் இன்சுலின் வைக்க ஒரு மண்பானை வைத்திருக்கிறேன். அது அம்மா வீட்டிலிருந்து வந்த சீதனம்.

விலையைச் சொல்லிவிடுகிறேன். சென்சாரோடு சேர்ந்து தானாக வேலை செய்யும் வகைக்கு எனக்குச் சொன்னது லட்சங்களில், ஒரு பழைய மாருதி வாங்கலாம். அதுகூடப் பரவாயில்லை, ஒரு தடவை. செட், குழல், சென்சார் என்று மாதா மாதம் பத்தாயிரத்துக்கு மேல், ஆயுள் முழுக்க. காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதினேன், மூன்றே வரியில் கிடையாது என்று பதில் வந்தது. கல்லூரித் தோழி ஒருத்தி இங்கிலாந்தில் பர்மிங்காமில் இருக்கிறாள், அவள் மகனுக்கும் டைப் 1, ஒன்பது வயது. அங்கே 2023 டிசம்பரில் டைப் 1 குழந்தைகளுக்கும், சராசரி 7.5-க்கு மேல் நிற்கும் பெரியவர்களுக்கும் இந்தத் தானியங்கி பம்ப்பைக் கொடுக்கலாம் என்று பரிந்துரை வந்து, 2024 ஏப்ரலிலிருந்து அரசு மருத்துவ சேவையே படிப்படியாகக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறது. அவள் மகனிடம் இருப்பது அப்படி வந்ததுதான், காசு கிடையாது. "உனக்கு என்னடி, 8.0-ன்னா இங்க உடனே எழுதிடுவாங்க" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். போனை வைத்தபின் அரை மணி நேரம் ஒருவரிடமும் பேசப் பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் பென் இன்சுலினையே நாளைக் கணக்குப் பண்ணி இழுத்துப் போடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை வைத்துப் பார்த்தால் இந்தக் கட்டுரையே ஒரு வசதிக்காரியின் குழப்பம்தான்.

ஏழாம் நாள் ராத்திரிதான் என்னை மாற்றியது என்று நினைக்கிறேன். காலையில் எழுந்து போனில் சுகர் வரைபடத்தின் கோட்டைப் பார்த்தேன். பத்து மணியிலிருந்து ஆறு மணிவரை 110-க்கும் 140-க்கும் நடுவில், ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி. ஒன்றரை மணிக்கு இறங்கப் பார்த்திருக்கிறது, பம்ப் நிறுத்தியிருக்கிறது. நாலு மணிக்கு ஏறப் பார்த்திருக்கிறது, அதிகம் விட்டிருக்கிறது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். இருபத்து நான்கு வருடத்தில் இப்படி ஒரு கோட்டை நான் பார்த்ததில்லை. திரும்பினால் இவர் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். அலாரம் அடித்ததா என்று எழுப்பிக் கேட்டேன். "அடிச்சுது. உன் போன்ல நம்பரைப் பார்த்தேன், 118. தொடாமலே படுத்துட்டேன்" என்றார். மறுநாள் ராத்திரி அலாரம் அடிக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பத்தாம் நாள் திருப்பிக் கொடுத்தேன். இடுப்பு லேசாக இருந்தது, நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அன்று ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் அடித்தது.

பணத்துக்கு இவர் பி.எஃப். கடன் போடலாம் என்கிறார், நான் நகைச் சீட்டு முடியட்டும் என்கிறேன். அத்தை ஒரு நாள் தன் இரட்டை வடத்தை எடுத்து வந்து மேஜையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்குப் போய்விட்டார். பேச்சு இன்னும் முடியவில்லை.

போன சனிக்கிழமை, பள்ளி திறப்பதற்குள் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கத் தையல்கார அக்காவிடம் போனேன். அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு, உள்பாவாடையில் இடுப்புப் பக்கம் பட்டன் வைத்து ஒரு பை வைக்க முடியுமா, அதிலிருந்து ஒரு டியூப் வெளியே வர ஓட்டை விட முடியுமா என்று கேட்டேன்.

"போனா டீச்சர்?" என்றார்.

"இல்லக்கா. இன்சுலின் மிஷின். எனக்குச் சின்ன வயசுலேருந்து சுகர்."

கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் எங்கள் தெருக்காரர். அக்கா இஞ்ச் டேப்பை எடுத்து என் இடுப்பில் வைத்து, "உக்காந்தா குத்தாம கொஞ்சம் பின்னால தள்ளி வைக்கிறேன். எத்தனை பாவாடையில?" என்றார்.

"ஆறு" என்றேன்.